பெருந்தகடும் சிறுபெட்டியும்: கமராத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் உட்துறைமுகத்தை அடுத்து உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் ஆங்கிலேயர் காலப் பெயரால் ஓர்ஸ் ஹில் என்றும், தமிழ் வழக்கில் உவர்மலை என்றும் வழங்குகின்றது. துறைமுக நீர்ப்பரப்பும், அதன் மறுகரையிலுள்ள சீனன்குடாவும், வந்து போகும் கப்பல்களும் தோணிகளும் அம்மேட்டில் வாழ்வோரின் அன்றாடக் காட்சிகளாம். கிழக்கே, நடந்து செல்லக்கூடிய தொலைவில், பிரெட்றிக் கோட்டையும் அதனுள்ளே கடலை நோக்கி எழுந்து நிற்கும் கோணேசர் மலையும் உள்ளன. இவ்வளவையும் கண்முன் கொண்ட ஊர் ஒன்று தன்னைப் பற்றிய காட்சிச் சான்றுகளை எவ்வாறு தேடிக்கொள்ளலாம் என்பது வரலாற்று மாணவர்க்குரிய வினா.

அவ்வினா இன்று கடைத்தெருவில் வேறொரு வடிவில் எழுகின்றது. ஒளிப்படம் எடுக்க விரும்பும் ஒருவர் முன் இருவகைக் கருவிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, சட்டைப்பையில் அடங்கக்கூடியதாய், 30 மடங்கு வரை காட்சியை அருகே இழுக்கும் சூம் வில்லை பொருந்தியதாய் உள்ள சிறு கமரா. மற்றையது, பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளின் சட்டகத்துக்கு ஒப்பான பரப்புடைய உணரியைக் கொண்டதும், உள்ளே ஆடி இல்லாததும், வில்லைகளை மாற்றிப் பொருத்தத்தக்கதுமான முழுச்சட்டக் கமரா. முன்னது எளியது, மலிவானது, தொலைவை எட்டுவது. பின்னது பாரமானது, விலைமிக்கது, மங்கிய ஒளியிலும் தெளிவாகக் காண்பது. இவற்றுள் எதைக் கொள்வது என்ற தடுமாற்றம் இன்று தோன்றியதன்று. ஒளியை ஏற்கும் பரப்புப் பெரிதாயிருத்தல் வேண்டுமா, கருவி கைக்கு அடக்கமாயிருத்தல் வேண்டுமா என்ற வழக்கு ஒளிப்படக்கலையின் வயதையொத்த பழைமையுடையது. அவ்வழக்கு கடந்த காலங்களில் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதையும், அத்தீர்ப்புக்களால் எவ்வெச் சான்றுகள் கிடைத்தன, எவை கிடையாமற்போயின என்பதையும் நோக்கிய பின்னரே உவர்மலைக்குரிய விடையைக் காணுதல் முறையாகும்.

பெருந்தகட்டின் காலம்

1839 ஆம் ஆண்டு ஒளிப்படக்கலை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் அதன் கருவிகள் பெரும்பாலும் பெரும் பெட்டிகளாகவே இருந்தன. படத்தைப் பின்னர் பெரிதாக்கும் வசதி அருகியிருந்தமையால், எவ்வளவு பெரிய படம் தேவையோ அவ்வளவு பெரிய தகடு தேவைப்பட்டது. 1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டின்மீது மருந்தைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனேயே உருத்துலக்குதல் வேண்டும். எனவே படமெடுக்கச் செல்பவர் இருட்டுக் கூடாரத்தையும், மருந்துப் போத்தல்களையும், தூய நீரையும், தகடுகளையும், அவற்றைச் சுமக்கும் ஆட்களையும் உடன்கொண்டே செல்லவேண்டியிருந்தது.

இத்தகைய பெருங்கருவி தமிழ்க் கல்வெட்டியலுக்கு ஆற்றிய பணியை அயலிலுள்ள தஞ்சாவூரிலே காணலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856 இல் நியமனம் பெற்ற லினேயஸ் டிரைப், 1858 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட எழுத்துக்களைப் படமாக்கினார். ஒரே படத்தில் அடக்கவியலாத அந்நெடுவரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். அவ்வெழுத்துக்கள் ஹுல்ட்ஷ் என்பாரால் முறையாக வாசிக்கப்பெற்றுத் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியாக வெளிவரத் தொடங்கியது 1891 இல் ஆகும். வாசிப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய பதிவு அது. பொருள் விளங்கும் காலம் வரும்வரை வடிவத்தைக் காத்து வைத்தல் ஒளிப்படச் சான்றின் தலையாய பயன் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடுதல் அரிது.

ஆயினும் அம்முயற்சியின் முடிவும் நோக்கற்பாலது. சென்னை ஆளுநராக வந்த சேர் சார்ள்ஸ் ட்ரெவெலியன் செலவு மிகுதி கருதி அப்பணியை நிறுத்தினார். 1860 அளவில் டிரைப்பின் அலுவல் முற்றுப்பெற்றது. பெருந்தகடு அரசின் பணப்பையை நம்பி வாழ்ந்தது. பை மூடப்பட்டபோது படப்பிடிப்பும் நின்றது.

இலங்கையிலும் இதுவே நிலை. 1870 - 71 ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தது அரசு வேண்டிக்கொண்டமையாலாகும். காடு மூடிய அவ்விடங்களுக்குத் தகடுகளையும் மருந்துகளையும் கொண்டுசென்ற அவ்வுழைப்பின் பயனாக, பிற்காலத் திருத்தவேலைகளுக்கு முன்னர் அக்கட்டடங்கள் இருந்த நிலை இன்றும் அறியக்கிடைக்கின்றது. லோட்டன் உடல் நலிந்து தாய்நாடு திரும்பி 1872 இல் மறைந்தார். முகப்படக்கலையில் இங்கிலாந்திற் பெரும்புகழ் ஈட்டியிருந்த ஜூலியா மார்கரெட் கமரூன் 1875 இல் இலங்கையிற் குடியேறி 1879 இல் இங்கேயே காலமானார். அந்நான்காண்டுக் காலத்துக்குரியனவாக எஞ்சியுள்ள அவருடைய படங்கள் மிகச் சிலவே. மருந்தும் நீரும் கிடைப்பதிலிருந்த இடர்ப்பாடு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. கலைஞரின் ஆற்றல் குறையாதிருந்தும் கருவியின் பாரம் கையைக் கட்டிவிட்டது.

இக்காலப் படங்களைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கல் நின்றது, கோயில் நின்றது, ஆளுநர் மாளிகை நின்றது. ஆகவே அவை பதிவாயின. நில்லாதவை பதிவாகவில்லை. படகு தள்ளுவோரும், சந்தையில் விலை பேசுவோரும், தேர்வடம் பிடிப்போரும் அசைவின் காரணமாகத் தகட்டில் மங்கலாயினர். அல்லது கமராவின் முன் நிறுத்தி வைக்கப்பட்ட 'வகைமாதிரி'களாயினர்.

சிறுபெட்டியின் வருகை

உலர் தகடும் படச்சுருளும் வந்தபின் நிலைமை மாறியது. ஈஸ்ட்மன் 1888 இல் விற்பனைக்குக் கொணர்ந்த கொடக் பெட்டியில் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. 1900 இல் ஒரு டொலர் விலையில் வந்த பிரௌனி பெட்டி சிறுவர் கைக்கும் எட்டியது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர் இவற்றை விளையாட்டுப் பொருள் என எள்ளினர். படத்தின் தரம் தாழ்ந்தது உண்மை. ஆனால் வீட்டு முற்றமும், குடும்பச் சடங்கும், ஊர்வழியும் முதன்முறையாகப் பதிவுக்குள் வந்ததும் உண்மை.

இவ்வழக்கின் அடுத்த திருப்பம் இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லெய்ட்ஸ் தொழிலகத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக், திரைப்படச் சுருளின் இரு சட்டகங்களை ஒன்றாக்கி, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுள்ள படம் தரும் சிறு கமரா ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஆக்கினார். அது லெய்க்கா என்ற பெயரில் 1925 இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் அது 'குறுங்கமரா' என்றே வழங்கப்பட்டது. இவ்வளவு சிறிய படத்திலிருந்து தகுதியான அச்சுப்படம் பெறவியலுமா எனப் பெருந்தகட்டாளர் ஐயுற்றனர். இன்று முழுச்சட்டம் எனப் பெருமையோடு குறிக்கப்படுவது அதே 24க்கு 36 மில்லிமீற்றர்ப் பரப்பாகும். ஒரு தலைமுறையின் சிறுமை பின்னைய தலைமுறையின் பெருமையாயிற்று. 'முழு' என்ற அடைமொழி இயற்கையின் அளவுகோல் அன்று. பார்னாக்கின் கைக்கு அடக்கமாயிருந்த ஒரு பழக்கத்தின் எச்சமேயாகும்.

அக்குறுங்கமரா இலங்கையில் ஒரு பெருங்கலைஞரைக் கண்டது. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட் சட்டம் பயின்றவர். பியானோ இசையில் வல்லவர். 1943 இல் தோன்றிய '43 குழு' என்ற ஓவியர் கூட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றவர். லெய்க்காவையும் றொலைபிளெக்ஸையும் கையாண்டு, உழைப்போர், ஆடுவோர், மீன்பிடிப்போர் ஆகியோரை அவர்தம் சூழலிலேயே படமாக்கினார். லெய்ட்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் 1938 இல் இலண்டனில் அவருடைய தனிக் காட்சி நடைபெற்றது. குறுங்கமராவின் படமும் கலையரங்கிற் சுவரேறத்தக்கது என்பதை நிறுவியோருள் அவரும் ஒருவர். கருவி சிறுத்தபோது, காணப்படும் மக்களுக்கும் காண்பவருக்கும் இடையிலிருந்த தூரமும் சிறுத்தது என்பதே அப்படங்கள் தரும் பாடம்.

திருகோணமலையின் பதிவுகளும் இழப்புக்களும்

இப்பொதுவரலாற்றைத் திருகோணமலையொடு பொருத்திப் பார்க்குமிடத்து, எவர் கையில் கருவி இருந்தது என்ற வினா முதன்மை பெறுகின்றது. கோணேசர் கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. ஒளிப்படக்கலை பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அவ்வழிவுக்குப் படச்சான்று இருத்தற்கில்லை. ஆனால் கோட்டை வாயிலிற் பதிக்கப்பட்டுள்ள தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இரட்டைக் கயற் சின்னமும் இன்றும் கண்ணுக்குத் தெரிவன. வெயிலும் கடற்காற்றும் அவ்வெழுத்துக்களை ஆண்டுதோறும் தேய்த்து வருகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் எடுத்து வைக்கும் படம் அதற்கு அடுத்த தலைமுறைக்கு மூலத்தினும் தெளிவான சான்றாகக்கூடும்.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று அத்துறைமுகத்தை விட்டகன்று தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. மூழ்கும் கப்பலின் பெயர்பெற்ற படம் தாக்கியவரின் விமானத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். போர்க்காலத் துறைமுகத்தின் வேறு படங்கள் பலவும் பிரித்தானியக் கடற்படையின் படப்பிடிப்பாளர் எடுத்தவை. அவை இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்திலே பேணப்படுகின்றன. குண்டு விழுந்த ஊரின் மக்கள் அந்நாளை எவ்வாறு கண்டனர் என்பதைக் காட்டும் படங்களோ அரியன. தாக்கியவரும் ஆண்டவரும் கமரா வைத்திருந்தனர். இடையில் வாழ்ந்தவர் வைத்திருந்திலர்.

1950 இற் கோணேசர் கோயிற் பகுதியில் நிலத்தைத் தோண்டியபோது வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. அவை பற்றிய டபிள்யூ. பாலேந்திராவின் ஆய்வு 1953 இல் தமிழ் கல்ச்சர் இதழில் வெளியாயிற்று. 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கோணேசர் மலையின் அடியிற் கடலுள் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். நீர் புகாப் பெட்டியுள் வைத்த கைக்கமராவாலேயே அத்தகைய நீரடிப் படப்பிடிப்பு இயன்றது. பெருந்தகடும் இருட்டுக் கூடாரமும் அலைக்கு அடியிற் செல்லா. கோயில் வரலாற்றின் ஒரு பகுதி சிறு கருவியாலன்றி வெளிவந்திராது என்பது தெளிவு.

பின்னைய பத்தாண்டுகளில் நேர்ந்த இழப்புக்கள் யாவரும் அறிந்தவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் குடும்பங்களின் படப்பெட்டிகளைச் சிதறடித்தன. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் வீடுகளை வாரிச் சென்றபோது, திருமணப் படமும் பள்ளிப் படமும் உடன் சென்றன. இத்தகைய மண்ணிற் கமராவைத் தெரிதல் வெறும் பொழுதுபோக்குக்குரிய செய்தியன்று.

இன்றைய இரு கருவிகள்

இலக்கமுறைக் கமராவின் தோற்றமும் பெருமை, சிறுமை என்ற அதே வழக்கிலேயே தொடங்கியது. 1975 இல் கொடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் ஆக்கிய முதற் கருவி 3.6 கிலோகிராம் நிறையுடையது. அதன் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 செக்கன்கள் சென்றன. 2002 இல் முழுச்சட்ட உணரியுடைய கமராக்கள் சந்தைக்கு வந்தன. 2013 இல் சொனி ஏ7 வரிசை முழுச்சட்ட உணரியை ஆடியற்ற சிறிய உடலில் அடக்கியது. நிக்கோனும் கெனனும் 2018 இல் அவ்வழியைப் பின்பற்றின. மறுபுறத்தில், 2006 இல் 10 மடங்குச் சூமுடன் தொடங்கிய பனசோனிக்கின் பயணக் கமரா வரிசை, 2014 இல் 30 மடங்கை எட்டியது. 322 கிராம் நிறையுள்ள அவ்வரிசையின் 2017 ஆம் ஆண்டுக் கருவியின் எட்டு, முழுச்சட்டக் கணக்கில் 720 மில்லிமீற்றர் வில்லைக்கு நிகராகும்.

கைத்தொலைபேசி இவ்விருவகைக்கும் போட்டியாயிற்று. உலகச் சந்தைக்கு 2010 இல் அனுப்பப்பட்ட இலக்கமுறைக் கமராக்கள் ஏறத்தாழ 12 கோடி. 2023 இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைவு. தொலைபேசியால் எளிதில் எட்டவியலாத தொலைவும், எளிதிற் பெறவியலாத பரப்புமே இவ்விரு கமராக்களுக்கும் இன்று எஞ்சியுள்ள நியாயங்கள்.

பரப்பின் வேறுபாட்டை எண்ணளவில் நோக்குக. முழுச்சட்ட உணரி 36க்கு 24, அதாவது 864 சதுர மில்லிமீற்றர். சிறு சூம் கமராவில் வழக்கமாக அமையும் உணரி ஏறத்தாழ 6.2க்கு 4.6, அதாவது 28 சதுர மில்லிமீற்றர். ஒன்று மற்றொன்றின் முப்பது மடங்கு. ஆயினும் உணரிப் பரப்பு மட்டும் படத்தைத் தீர்மானிப்பதில்லை. வில்லையின் வழியே எவ்வளவு ஒளி புகுகின்றது என்பதே முடிவான கணக்கு.

மங்கிய ஒளியில் ஓர் ஆட்டத்தைப் படமெடுப்பதாகக் கொள்க. முழுச்சட்டக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை 1.8 என்ற துவார எண்ணில் வைத்தால், ஒளி புகும் துவாரம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதே காட்சியைக் காணும் சிறு கமராவில் வில்லையின் மெய்யான குவியத்தூரம் 9 மில்லிமீற்றரளவே. துவார எண் 4 எனின், துவாரத்தின் விட்டம் 2.3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. விட்டத்தில் 12 மடங்கு வேறுபாடு. ஒளியில் ஏறத்தாழ 150 மடங்கு. எத்தகைய மென்பொருளும் இவ்விடைவெளியை முழுமையாக நிரப்பாது.

இனித் தொலைவுக் காட்சியை நோக்குக. உவர்மலையிலிருந்து இரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் கப்பலை நண்பகலொளியிற் படமெடுப்பதாகக் கொள்க. சிறு கமராவின் சூம் முழுதும் நீண்ட நிலையிற் குவியத்தூரம் 129 மில்லிமீற்றரும் துவார எண் 6.4 உம் ஆகும். துவாரத்தின் விட்டம் 20 மில்லிமீற்றர். ஒளியலைகளின் இயல்பால் இத்துவாரம் அத்தொலைவிற் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். முழுச்சட்டக் கமராவில் 400 மில்லிமீற்றர் வில்லை பொருத்தப்படின், அதன் துவாரம் 71 மில்லிமீற்றர். வில்லை 2 சென்ரிமீற்றரையும் பிரிக்கவல்லது. ஆனால் 24 மெகாபிக்சல் உணரியில் ஒரு புள்ளி அத்தொலைவில் 3 சென்ரிமீற்றரை மூடுவதால், இரு கோடுகளைப் பிரித்துக் காட்ட 6 சென்ரிமீற்றர் வேண்டும். ஆகவே நல்லொளியில் இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரே நுணுக்கத்தையே தருகின்றன. 322 கிராமுக்கு எதிரே, கமராவும் அந்நீள்வில்லையும் சேர்ந்து இரண்டு கிலோகிராம். நண்பகலில் நீர்ப்பரப்பின்மீது எழும் வெப்பக் கானல் இரண்டையும் ஒருங்கே கெடுக்கும்.

மூன்றாவதாகக் கல்வெட்டு. கல் அசையாது. கமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளி சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ, நெடுநேரம் ஒளியேற்றி, பகுதி பகுதியாக எடுத்து இணைத்தால், சிறு உணரியும் பெரும் உணரியின் பணியை ஆற்றும். டிரைப் 1858 இல் 21 படங்களை ஒட்டியது வேறென்ன? பரப்பின் குறையைப் பொறுமையால் ஈடுசெய்த செயல் அது. பெருங்கருவி இவ்வேலையை விரைவாகவும் நிழல்களை இழக்காமலும் செய்யும் என்பதே வேறுபாடு.

உவர்மலைக்குரிய தெரிவு

மேற்கூறியவற்றால் ஒரு முறைமை பெறப்படுகின்றது. காட்சி நிற்குமாயின் பொறுமை போதும். அசைவதாயினும் பகலொளியில் உள்ளதாயின் சிறுபெட்டி போதும். அசைவதும் இருளிலுள்ளதுமாகிய காட்சிக்கே பெரும் உணரியும் அகன்ற துவாரமும் இன்றியமையாதன.

இம்முறைமையை ஊரின்மீது வைத்துப் பார்க்கலாம். திருகோணமலைத் துறைமுக வாயிலை நோக்கி ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று வருவதால், கரைக்கு அண்மையிலேயே நீலத்திமிங்கிலங்கள் தோன்றுவதுண்டு. 1983 - 84 ஆம் ஆண்டுகளில் டூலிப் என்ற படகில் நிகழ்ந்த ஆய்வு அவற்றைப் பதிவு செய்தது. திமிங்கிலத்தின் முதுகுப் புள்ளிகளையும் வாலையும் படத்திற் கண்டு தனித்தனியே அடையாளங்கொள்ளும் ஆய்வுக்குச் சூம் கமராவின் படமும் உதவும். வந்து போகும் தோணிகளின் வடிவு மாற்றம், கரையோரக் கட்டடங்களின் மாற்றம், சந்தை, பள்ளி விழா ஆகியவையும் சிறுபெட்டிக்கு உரியன. அது எந்நேரமும் கையிலிருப்பதே அதன் பலம். கடற்படைத் தளமும் படைமுகாமும் அண்மையிலுள்ள ஊரில், நீண்ட வில்லையைத் தாங்கி நிற்பவர் ஐயத்துக்கு இலக்காதலும் கருதத்தக்கது. எக்கருவியாயினும் தடை செய்யப்பட்ட இடங்களை நோக்கித் திருப்பலாகாது.

ஆயின் ஊரின் உயிர்ப்பான பகுதி இரவிலேயே நிகழ்கின்றது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் இரவுகளில், வீதிதோறும் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் முகங்கள் விளக்கொளியில் மட்டுமே தெரிவன. கிழக்கிலங்கைக் கூத்து வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிற் கூத்தைப் புதிய மேடைக்குக் கொணர்ந்தமை தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஆனால் அதற்கு முந்திய அண்ணாவிமார் ஊர்க்களரிகளில் ஆடிய தாளக்கட்டும் வரவாட்டமும் எவ்வாறிருந்தன என்பதற்குப் படச்சான்று மிகக் குறைவு. பந்தத்தின் ஒளியிற் சுழலும் ஆட்டக்காரரை அக்காலக் கருவிகள் பற்றவில்லை. இன்று பற்றக்கூடிய கருவி உண்டு. அக்கூத்துக்களை அறிந்த முதியோரும் இன்னும் சிலர் உளர். இவ்விரண்டும் ஒரே காலத்தில் இருப்பது நெடுநாள் நீடிக்காது.

எனவே, தனியொருவர் தம் பணத்திற் கொள்வதற்குச் சிறுபெட்டியே பொருந்தும். கடன்பட்டுப் பெருங்கருவி கொள்பவர் அதனைப் பழுதுக்கும் திருட்டுக்கும் அஞ்சி அலுமாரியிற் பூட்டிவைத்தல் இயல்பு. பூட்டிய கமராவாற் சான்று பிறவாது. பெருங்கருவியோ தனியுடைமையாவதினும் பொதுவுடைமையாதல் நன்று. பல்கலைக்கழகத் துறையோ, பாடசாலையோ, கோயில் அறங்காவலரோ, சனசமூக நிலையமோ ஒன்றை வாங்கிப் பேணலாம். கூத்து நிகழும் இரவுக்கும், நகர்வலத்துக்கும், கல்வெட்டுப் பதிவுக்கும் பயிற்சி பெற்றவரிடம் வழங்கலாம். அவ்வாறு செய்யுமிடத்து டிரைப்பின் பணியை முடித்துவைத்த இடர்ப்பாட்டை மறத்தலாகாது. ஒரே அலுவலரின் ஆணையில் நின்றுவிடாதவாறு, பலரின் சிறு பங்களிப்பில் நடத்தப்படின் அது நிலைக்கும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். சிறு கருவியால் எடுத்த குறைவான படங்கள் பெருகின், பிற்கால ஆய்வாளர் தரமற்ற குவியலில் அன்றோ தேடவேண்டியிருக்கும் என்பர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அக்குறை கருவியின் குறையினும் குறிப்பின் குறையேயாகும். எங்கு, எந்நாள், எத்திசை நோக்கி, எவரை எடுத்தது என்ற நான்கு செய்திகளும் எழுதப்படாத படம், எத்துணைப் பெரிய உணரியில் எடுக்கப்படினும் சான்றாகாது. கல்லின் அருகே ஓர் அளவுகோல் வைக்கப்படாத படத்திலிருந்து எழுத்தின் உயரத்தை எவராலும் அறியவியலாது. படத்துக்குரியவரின் இசைவைப் பெறுதலும் அக்குறிப்பின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

படம் எடுத்தபின் காத்தலும் வேண்டும். கண்ணாடித் தகடு உடையும். படச்சுருள் பூசணம் பற்றும். இலக்கமுறைக் கோப்பு ஓசையின்றி மறையும். ஒரே வன்தட்டில் வைத்திருப்பது ஒரே வீட்டில் எல்லா ஏடுகளையும் வைத்திருந்த பழைய பிழையின் மறுபதிப்பாம். 1981 இன் தீ கற்பித்த பாடம் அது. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணைய ஆவணக்காப்பு முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிகளாக்கிப் பல இடங்களிற் பேணும் வழியைக் காட்டியுள்ளது. ஊர்ப்படங்களுக்கும் அவ்வழியே உகந்தது.

முடிவுரை

தகட்டிலிருந்து சுருளுக்கும், சுருளிலிருந்து உணரிக்கும் மாறிய நூற்றெண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளிற் கருவி சிறுத்த ஒவ்வொரு முறையும் பதிவோரின் எண்ணிக்கை பெருகியது. பெருங்கருவி நின்றதை நன்கு காத்தது. சிறு கருவி நில்லாததைத் தேடிச் சென்றது. திருகோணமலை இழந்தவற்றுட் பல, நல்ல கமரா இன்மையால் இழந்தவையல்ல. அவ்விடத்தில், அந்நேரத்தில், அவ்வூரார் கையில் எக்கமராவும் இன்மையால் இழந்தவை. ஆதலின் உவர்மலையின் மாணவர் ஒருவர் கடைக்காரரிடம் எது சிறந்தது எனக் கேட்குமுன், தம் ஊரில் அடுத்து மறையப்போவது எது எனத் தம்மையே கேட்டல் வேண்டும். கோட்டை வாயிற் கல் இன்னும் சில தலைமுறை நிற்கும். களரியில் ஆடிய கால்கள் அவ்வளவு காலம் நில்லா.